குதிரைக் கவசமும் காலை ஓட்டமும்

கைத்தொலைபேசி வாங்க வருபவரிடம் உறையையும் சேர்த்து விற்பதும், சாரி எடுக்க வருபவரிடம் ஜெக்கெட் துணியையும் எடுத்துக் காட்டுவதும் எமது வியாபாரிகளுக்குப் புதிய விடயமல்ல. பல வேளைகளில் பிரதான சரக்கை விட இந்த மேலதிகச் சரக்கில்தான் இலாபம் கூடுதலாக நிற்கின்றது. ஆனால் அதனை எப்படி விற்றால் வாடிக்கையாளர் மீண்டும் வருவார், எப்படி விற்றால் மனம் கசந்து போவார் என்பதற்கு ஒரு நல்ல பாடம் வீடியோ விளையாட்டுத் துறையில் இருக்கின்றது. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடும் துறை அது. அந்தப் பாடம் எமது உடம்புக்கும் பொருந்தும் என்பதால் காலை ஓட்டத்தையும் இங்கே சேர்த்துப் பேச விரும்புகின்றேன்.

இரண்டரை டொலர் கவசம்

முன்னர் வீடியோ விளையாட்டு பெட்டியில் வந்தது. காசைக் கொடுத்தால் இறுவட்டு கைக்கு வரும். அத்தோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது. இணையத்தில் பதிவிறக்கம் செய்யும் வசதி பரவலானதும் கம்பனிகள் விளையாட்டை விற்ற பின்னரும் அதற்குத் துண்டு துண்டாக இணைப்புகளை விற்கத் தொடங்கின. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் ‘ஒப்லிவியன்’ என்ற விளையாட்டில் வரும் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டொலருக்கு விற்பனைக்கு விட்டது. பார்வைக்கு அழகான கவசம்தான். விளையாடுபவருக்கு அதனால் பெரிய பயன் எதுவும் இல்லை. ‘முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு மேலும் காசா?’ என்று பலர் கேலி செய்தார்கள். ஆனாலும் கவசம் விற்பனையானது.

வியாபாரியின் கண்ணால் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு தடவை செய்த கவசத்தைப் பத்து இலட்சம் பேருக்கு விற்றாலும் புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை. களஞ்சியம் வேண்டாம், லொறிக் கூலி வேண்டாம், சரக்கு தேங்கியும் கிடக்காது. பாவித்த இறுவட்டை இன்னொருவருக்கு விற்கலாம். பதிவிறக்கம் செய்த இணைப்பை அப்படி விற்க முடியாது. ஆகவே ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரும் கம்பனியிடமே வர வேண்டும்.

மூன்று விதமான விற்பனை

இந்தத் துறையில் மூன்று விதமான விற்பனையை நான் காண்கின்றேன்.

முதலாவது, போலந்து நாட்டின் சீ.டீ. புரொஜெக்ட் நிறுவனம் செய்தது. 2015ஆம் ஆண்டு ‘விட்சர் 3’ என்ற விளையாட்டை வெளியிட்ட அந்நிறுவனம், முதலில் 16 சிறிய இணைப்புகளை வாங்கியவர்கள் அனைவருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அதன் பின்னரே இரண்டு பெரிய தொடர்ச்சிகளைக் காசுக்கு விற்றது. இரண்டாவது தொடர்ச்சி பல மணித்தியாலங்கள் ஓடக்கூடிய புதியதொரு கதை. அதன் விலை 20 டொலர். வாங்கியவர்கள் குறைப்படவில்லை, 2016இல் அதற்குப் பெரிய விருதும் கிடைத்தது.

இரண்டாவது, 2012இல் ஜப்பானின் கெப்கொம் நிறுவனம் செய்தது. ஒரு சண்டை விளையாட்டின் இறுவட்டுக்குள்ளேயே 12 பாத்திரங்களை வைத்துப் பூட்டிவிட்டு, திறப்புக்குப் பின்னர் காசு கேட்டது. வாடிக்கையாளர் இறுவட்டை ஏற்கனவே காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். அதற்குள் இருப்பதற்கே மீண்டும் காசு கொடுக்க வேண்டும் என்றதும் கடும் எதிர்ப்பு எழுந்தது.

மூன்றாவது, உள்ளே என்ன இருக்கின்றது என்று தெரியாமலே வாங்கும் ‘லூட் பொக்ஸ்’ பெட்டி. காசு கொடுத்துத் திறந்தால் நல்ல பொருளும் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். 2018ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு பிரபல விளையாட்டுகள் சிலவற்றில் காசுக்கு விற்கப்பட்ட இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அடுத்த ஆண்டு ஈ.ஏ. நிறுவனம் தனது உதைபந்தாட்ட விளையாட்டில் அந்தப் பெட்டிகளுக்கான புள்ளிகளை அங்கே விற்பதை நிறுத்தியது.

தானியக் குவியல் சொல்வது

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட சம்பவம் நாம் ஜும்ஆ மேடைகளில் பல தடவை கேட்டதுதான். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். முதலாவது விற்பனையில் மேலே தெரிவதும் அடியில் இருப்பதும் ஒன்று. மற்ற இரண்டிலும் வாங்குபவரின் கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒன்று இருக்கின்றது.

இது தூரத்து நாடுகளின் பிரச்சினை மட்டுமல்ல. கையடக்கத் தொலைபேசி ரீலோட் போடும் எமது கடைகளிலும் விளையாட்டு டொப்-அப் கேட்டுப் பிள்ளைகள் வருகின்றார்கள். இருபது, முப்பது ரூபா கமிஷனுக்காக, அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டுவிடலாமா? பிள்ளைகள் பெற்றோரின் சம்மதமின்றி விளையாட்டுகளில் செலவு செய்தது தொடர்பான விவகாரத்தில், 2014இல் அப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடி 25 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க அமெரிக்க அதிகாரிகளுடன் உடன்பட்டது. எமது தெருவில் அதே பிரச்சினை வந்தால் அதிகாரி வரமாட்டார். பிள்ளையின் வாப்பாதான் கடை வாசலில் வந்து நிற்பார். சிறு பிள்ளைக்கு டொப்-அப் போடுவதற்கு முன் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுப்பது நட்டமாகாது. அதிர்ஷ்டப் பெட்டிக்கான டொப்-அப்பை விற்பதன் மார்க்க நிலையை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதும் நல்லது.

ஓட்டத்துக்கும் இணைப்பு

இந்த விற்பனை இப்போது பாதைக்கும் வந்துவிட்டது. 2012இல் லண்டனில் உருவாக்கப்பட்ட ‘ஸொம்பீஸ், ரன்’ என்பது ஓடுபவர்களுக்கான ஒரு விளையாட்டு. காதில் கதை கேட்டுக்கொண்டே ஓட வேண்டும்; நடைப்பிணங்கள் துரத்தும் சத்தம் கேட்டால் வேகத்தைக் கூட்ட வேண்டும். பின்னர் அதுவும் இலவசமாகத் தொடங்கி, மேலதிகத்துக்குச் சந்தா கேட்கும் முறைக்கு மாறியது. ஓட்டத்தைப் பதிவு செய்யும் ‘ஸ்ட்ராவா’ செயலி 2020ஆம் ஆண்டு மே மாதம், அதுவரை இலவசமாகக் காட்டிய தரவரிசைப் பட்டியல்களின் பெரும்பகுதியைச் சந்தாதாரருக்கு மட்டும் என்று மாற்றியது. கொடுத்ததைத் திரும்ப எடுத்து விலை போட்டால் பழைய வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஓடத் தொடங்க எண்ணுபவருக்கு முதலில் கண்ணில் படுவது கடிகாரம், விசேட ஆடை, செயலி என்ற இந்த மேலதிகச் சரக்குத்தான். அவற்றை வாங்கியதோடு பலருடைய ஓட்டம் முடிந்துவிடுகின்றது. உண்மையில் இங்கே பிரதான சரக்கு இலவசம். 1996இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோஷ் கிளார்க் என்பவர் ஓட்டப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒன்பது கிழமைத் திட்டமொன்றை வகுத்தார். கிழமைக்கு மூன்று நாள், தடவைக்கு அரை மணித்தியாலம். முதல் கிழமையில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 செக்கன் மெதுவாக ஓடுவதும் 90 செக்கன் நடப்பதுமாக 20 நிமிடம். பின்னர் ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஐந்து கிலோமீற்றரை நெருங்கலாம். பிரித்தானிய சுகாதார சேவை இதே முறையை மக்களுக்கு இலவசமாகவே வழங்குகின்றது. லண்டனின் புஷி பூங்காவில் 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13 பேர் ஓடித் தொடங்கிய ‘பார்க்ரன்’, இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கின்றது. ஓட வருபவரிடம் அது கட்டணம் வாங்குவதில்லை.

காலை ஒன்பது மணி முதல் இரவு வரை கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து, வரும் தேநீரையெல்லாம் சீனியோடு குடிக்கும் எமக்கு இதனை விட மலிவான மருந்து கிடைக்காது. நான் ஸுபஹ் தொழுதுவிட்டு, வீட்டில் இருந்த சப்பாத்தோடு, கைத்தொலைபேசியை எடுக்காமல் ஓடப் பழகினேன். ஒன்பது கிழமைத் திட்டம் எனக்குப் பன்னிரண்டு கிழமை எடுத்தது. ஒரு கிழமை கடினமாக இருந்தால் அதையே மீண்டும் செய்யலாம். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். நீரிழிவு, இரத்த அழுத்தம், நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சீனி இறங்கிவிடக் கூடும் என்பதால் சட்டைப் பையில் ஒரு டொபியாவது இருக்கட்டும். ஓடிவிட்டு வந்து பாதங்களில் காயம் இருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும்.

காசு செலவழிக்க வேண்டிய முதல் இணைப்பு, காலுக்குச் சரியான சப்பாத்து. பழைய சப்பாத்து காலைக் கடித்தால் அதனை உடனே மாற்றுங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. மற்றவை எல்லாம் ஒன்பது கிழமை தாண்டிய பின்னர் பார்த்துக்கொள்ளலாம். சிறிதாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று நாம் படித்திருக்கின்றோம். ஓட்டத்துக்கும் அந்தக் கணக்கே பொருந்தும்.

கடைக்கு மூன்று கேள்விகள்

மேலதிகச் சரக்கை விற்பதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்குமாறு வியாபாரச் சகோதரர்களிடம் சொல்வேன். இது இல்லாமல் நான் விற்ற பிரதான பொருள் முழுமையாக வேலை செய்யுமா? வாங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்பது காசு கொடுக்கும் முன்னரே தெரியுமா? நேற்று வரை சும்மா கொடுத்த ஒன்றுக்கு இன்று விலை போட்டிருக்கின்றேனா? மின்விசிறி வாங்கியவரிடம் அதைப் பூட்டத் தேவையான ஆணிக்குத் தனிக் காசு கேட்கும் கடை முதலாவது கேள்வியிலேயே தோற்றுவிடும். ஆணியைப் பெட்டியோடு கொடுத்துவிட்டு, நல்ல ரெகியுலேட்டர் ஒன்றும் இருக்கின்றது என்று விலையோடு காட்டும் கடைக்கு அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார்.