பந்தயக் காரும் நேர்குழாயும்

பந்தயத் திடலில் கார் வருகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னர்க் காதே நமக்கு அறிவித்துவிடும். அந்த முழக்கம் காரின் பின்புறம் நீண்டிருக்கும் புகைக்குழாயிலிருந்து எழுவது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் அக்குழாய்க்குப் புகையை வெளியேற்றுவதன்றி வேறொரு தொழிலும் உண்டு என்பதைப் பட்டறையில் வேலை செய்வோரிலும் பலர் அறியார்.

என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். சில மாதங்களுக்கு முன் பள்ளிக்கு வந்தவர், “சார், பந்தயத்துக்கென்றே வைத்திருக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டி ஒன்றுக்கு நேர்குழாய் போட்டுக் கொடுத்தேன். சத்தம் இடி மாதிரி வருகிறது; ஆனால் வண்டி முன்னைவிட மெதுவாக இழுக்கிறது. வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்” என்றார். அன்று கரும்பலகையில் அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே ஈண்டு எழுதுகிறேன்.

சாதாரணக் காரில் எரிந்த வாயு நான்கு சிலிண்டர்களிலிருந்து நான்கு கிளைக்குழாய்கள் வழியாக வெளிவந்து ஒன்றாய்க் கூடுகிறது. பின்னர் நச்சு நீக்கும் கலமாகிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கடந்து, சைலன்சருக்குள் புகுந்து, ஒலி தணிந்து வெளியேறுகிறது. கன்வர்ட்டரையும் சைலன்சரையும் நீக்கிவிட்டுத் தடையற்ற ஒரே குழாயை இறுதிவரை கொண்டு செல்வதே நேர்குழாய். தடை குறைந்தால் திறன் கூடும் என்பது உண்மையே. அகன்ற குழாயாயிருந்தால் இன்னும் நன்று என்று எண்ணுவதுதான் பிழை.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்த கணமே உயர் அழுத்த வாயு குழாய்க்குள் பாய்ந்து ஓர் அலையை எழுப்புகிறது. சாதாரணக் காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். சூடேறிய புகையில் அது சுமார் 550 மீட்டர் ஆகிவிடும். அலை குழாயின் அகன்ற முனையை அடைந்ததும் அதன் தன்மை தலைகீழாகிறது. தள்ளிச் சென்ற அலை உறிஞ்சும் அலையாய்த் திரும்புகிறது! எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகும் தறுவாயில், புதிய கலவையை உள்வாங்கும் வால்வு திறக்கத் தொடங்கும் அச்சிறு பொழுதில், அது சிலிண்டரை வந்தடையுமானால் எஞ்சிய புகையை இழுத்து, புதிய கலவைக்கும் வழி செய்கிறது. காசில்லாமல் கிடைக்கும் பம்பு என்று இதைச் சொல்லலாம்.

இனிக் கணக்கு. இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். வினாடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு நூற்றில் ஒரு வினாடி. அலை போய்த் திரும்ப 120 பாகைச் சுழற்சி வேண்டுமென்றால், அது மூன்றில் ஒரு சுற்று. அந்நேரத்தில் அலை 1.83 மீட்டர் செல்லும். போக வர இரு வழி என்பதால், கிளைக்குழாயின் நீளம் அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். மூன்று அடி என்க. என் மாணவர் பொருத்தியதோ ஓரடி நீளமுள்ள, மிக அகன்ற கிளைக்குழாய்கள்! அவை பொருந்த வேண்டுமானால் இயந்திரம் 18,000 முறை சுழல வேண்டும். அவ்வகைக் காரோ 7,000-ஐ ஒட்டியே நின்றுவிடும். போதாக்குறைக்கு, அகன்ற குழாயில் வாயுவின் வேகமும் தளர்ந்துவிட்டது. “இயந்திரத்துக்கு எதிரழுத்தம் வேண்டும் சார், அதனால்தான் இழுக்கவில்லை” என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எதிரழுத்தம் எந்த இயந்திரத்துக்கும் நன்மை செய்வதில்லை. வேண்டியது வாயுவின் வேகமும் அலையின் காலமும்தான்.

இதில் தேர்ந்தவர்கள் செய்ததைக் காண வேண்டுமானால் 1966 முதல் 1969 வரை லெ மான் 24 மணிப் பந்தயத்தைத் தொடர்ந்து வென்ற ஃபோர்டு ஜிடி40 வகைக் கார்களின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். எட்டு சிலிண்டர் இயந்திரம், பக்கத்துக்கு நான்கு. ஒரே பக்கத்து நான்கும் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு குழாய்களை மறுபக்கத்துக்குக் கடத்தி, வெடிப்புகள் 180 பாகைக்கு ஒன்றாக வரிசைப்படும்படி இணைத்தார்கள். பின்னிக் கிடக்கும் அக்குழாய்களைப் பாம்புக் கட்டு என்றே அழைத்தனர்.

நிற்க. பொருத்தும் வேலைக்கு வருவோம். துருப்பிடிக்காத எஃகு சூடேறினால் நன்கு நீளும். 500 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஒரு மீட்டர் குழாய் சுமார் 8 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் பற்றவைத்த இடம் வெடிக்கும். ஆகவே நெளியும் இணைப்பு ஒன்றும், ரப்பர்த் தொங்கிகளும் தேவை. பற்றவைக்கும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கன் வாயுவைச் செலுத்த வேண்டும். இன்றேல் உள்ளே கருகிப் பொருக்குக் கட்டும். ஆக்சிஜன் உணர்கருவிக்கு முன்னால் சிறு கசிவும் கூடாது. அவ்வழியே புகும் வெளிக்காற்றைக் கண்டு கருவி ஏமாந்து, தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டிவிடும். என் மாணவரின் குழாயில் இக்குறையும் இருந்தது. குழாய் மாறியபின் எரிபொருள் அளவைப் புதிதாகத் திருத்தவும் வேண்டும். குழாயின் வாய் ஓட்டுநருக்குப் பின்னால், காருக்கு வெளியே திறக்க வேண்டும் என்பதில் சமரசமே கிடையாது. கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு. இவ்வளவும் செய்தபின் சிறிய இயந்திரத்தில் கிடைப்பது சில குதிரைத் திறனும், குறைந்த சில கிலோ எடையுமே.

இத்தகைய காரைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பு. லாரியில் ஏற்றித்தான் செபாங் திடலுக்குக் கொண்டு செல்ல வேண்டும். திடல்களிலும் கட்டுப்பாடு புதிதன்று. 1907-ல் இங்கிலாந்தில் திறந்த புரூக்லண்ட்ஸ் திடலின் அருகே குடியிருந்தோர் வழக்குக்குப் போனதால், 1920-களின் நடுவிலேயே அங்கு சைலன்சர் கட்டாயமாயிற்று.

ஒலியைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடம். 115-க்கு அரை நிமிடமும் இல்லை. நேர்குழாய் வண்டியைப் பட்டறைக்குள் முடுக்கிவிட்டுச் சோதிப்பவர் இதை நினைப்பதில்லை.

சென்ற வாரம் மாணவர் மீண்டும் வந்தார். மூன்றடிக் கிளைக்குழாய்கள் போட்டாயிற்றாம். வண்டி இழுக்கிறதாம்; பணத்தைத் திருப்ப வேண்டிய தேவையும் ஒழிந்தது. “காதில் அடைப்பான் வைத்துத்தானே வேலை செய்கிறாய்?” என்று கேட்டேன். இரண்டாம் முறை உரக்கக் கேட்ட பிறகே பதில் வந்தது. “இல்லை சார்” என்றார். காதுப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள்.