அடிமட்ட மீனுக்கு எந்த மணல்?
வண்ணமீன் விற்கும் வணிகர் கவனத்திற்கு

கடையின் ஓரத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டி வைத்து வண்ணமீனும் விற்கும் வணிகர்கள் நம்மில் உண்டு. மீனோடு கல், மணல், அலங்காரப் பொருள்களும் சேர்ந்து போனால்தான் இந்த வியாபாரம் கட்டுபடியாகும். ஆனால் கோரிடோரஸ் வாங்க வருபவருக்குக் கைக்குக் கிடைத்த கல்லைக் கட்டிக் கொடுத்தால், மீனோடு வாடிக்கையாளரையும் இழக்க நேரிடும்.

கோரிடோரஸ் என்பது தென் அமெரிக்க நீர்நிலைகளைச் சேர்ந்த சிறிய கெளுத்தி வகை. தொட்டியின் அடியிலேயே திரியும். மீசைகளால் துழாவி, மணலை வாயில் அள்ளி, இரையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே வெளியே தள்ளும். முறத்தில் அரிசி புடைப்பது போன்ற வேலை. கூரிய ஜல்லியில் இது நடக்காது. வாயும் மீசையும் உராய்ந்து புண்ணாகும். கல் இடுக்கில் விழுந்த தீனி அழுகினால் அந்தப் புண்ணில் கிருமி பற்றும். மீசை தேய்ந்த மீன் இரை தேட முடியாமல் மெலியும்.

ஆகவே முனை மழுங்கிய, மெல்லிய ஆற்று மணலே ஏற்றது. சலித்து, கழுவும் நீர் தெளியும்வரை அலசித் தர வேண்டும். எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்வது. முனைகள் கூராக இருக்கும். கடல் மணலில் உப்பும் சிப்பித்தூளும் கலந்திருக்கும். இரண்டும் வேண்டாம். ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் மீனுக்கும் குத்தும். இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டிக்கு 4 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பச் சுமார் 11 கிலோ பிடிக்கும். அதிகம் விற்கலாமே என்று கூடுதலாகத் தள்ளிவிடாதீர்கள்; கனம் மிகுந்தால் அடியில் காற்றோட்டமின்றி அழுக்குத் தேங்கும்.

கல்லைச் சோதிக்க வேறெங்கும் போக வேண்டாம். நம் அலமாரியிலுள்ள வினிகரில் சில சொட்டு விட்டால் போதும். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். பளிங்குத் துண்டு, கிளிஞ்சல், பவளக்கல் எல்லாம் இப்படித்தான்; நீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். மென்னீரை விரும்பும் மீனுக்கு அது ஆகாது.

மறைவிடத்துக்கு மெருகிடாத மண்சட்டியோ, நார் சுரண்டி நன்றாக வேகவைத்த கொட்டாங்குச்சியோ தாராளம். விளிம்பைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். மீன் உள்ளே போய்த் திரும்பி வர இடம் இருக்கட்டும். இடுக்கான துளையில் சிக்கினால் மீன் தப்பாது. சாயம் உரியும் பொம்மை, செம்புக் கம்பி கூடாது. பாறை வைப்பதானால் முதலில் தொட்டியின் தரையில் அமர்த்திவிட்டுப் பிறகு மணலைப் பரப்பச் சொல்லுங்கள். மணல் மேல் வைத்தால், மீன் கிளறக் கிளறப் பாறை சரியும். எதையும் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது.

இதைக் 'குப்பை தின்னும் மீன்' என்று சொல்லி விற்கும் வழக்கமும் இருக்கிறது. அது சரியல்ல. கழிவைத் தின்று இந்த மீன் பிழைக்காது. கூட்டமாக வாழும் இனம் என்பதால் ஆறு மீனாவது கொடுத்து, அடியில் மூழ்கும் தீனி ஒரு பொட்டலமும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.