புலிக்கு முன்னே பதினைந்து ஆடுகள்

மழை பிடித்துக்கொண்டால் கியா பார்ம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1,500 மீட்டர் உயரத்தைத் தாண்டிய ஊர். பிற்பகலிலேயே பனிமூட்டம் லயத்து வாசல்வரை வந்து நின்றுவிடும். வேலை முடிந்து வந்தவர்கள் கைகால் கழுவி, சுடச்சுடத் தேநீரோடு உட்கார்ந்தால், பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியும் கையுமாக இருக்கிறார்கள். சிறிது நேரத்தில் ஒரு மூலையிலிருந்து, "ஐயோ, செத்துட்டேன்!" என்று குரல் வரும். "வாயைக் கழுவுடா" என்று பாட்டி அதட்டுவார். பையன் காதில் வாங்காமல் மறுபடி தொடங்குவான், மறுபடியும் சாவான்.

அவன் என்னதான் ஆடுகிறான் என்று என்றைக்காவது பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கண்ணை மூடித் திறப்பதற்குள் சுட்டுத் தள்ளுகிற ஆட்டங்கள் ஒரு வகை. அவற்றைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. இன்னொரு வகை உண்டு. அதில் அவசரமே கிடையாது. நீங்கள் ஒரு அடி வைத்தால் எதிரி ஒரு அடி வைப்பான். உங்கள் முறை வரும்வரை அவன் காத்திருப்பான், அவன் முறையில் நீங்கள் காத்திருக்க வேண்டும். ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, வீரனாகவோ வைத்தியனாகவோ நின்று ஆடுவார். 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளும் பகடையுமாக ஆடும் ஆட்டமாக இது வெளிவந்தது. பிறகு திரைக்குள் புகுந்தது. ஜப்பானின் 'டிராகன் குவெஸ்ட்' 1986இல் வந்தது.

இவற்றில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று, கனடாக்காரர்கள் செய்த 'டார்க்கெஸ்ட் டஞ்சன்' என்ற கணினி ஆட்டம். 2016இல் முழுமையாக வெளிவந்தது. நான்கு பேர் வரிசையாக நிற்பார்கள். யார் முன்னே, யார் பின்னே என்பதுதான் அங்கே உயிர்ப் பிரச்சினை. இடம் மாறி நின்றால் கைவசமுள்ள வித்தை பலிக்காது. இறந்தவன் இறந்தவன்தான், திரும்ப வரமாட்டான். புதிதாக ஆடுகிறவர்கள் முதல் நாளே கைகளை உதறிவிட்டு எழுந்துவிடுவார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. இதெல்லாம் நம் வீட்டுத் திண்ணையில் இருந்ததுதானே! ஒருவர் புலி, ஒருவர் ஆடு. ஆளுக்கொரு முறை. வெட்டுப்பட்ட ஆடு பலகைக்குத் திரும்பாது. முதல் நாள் ஆடு வைத்து ஆடுகிறவர் கட்டாயம் தோற்பார். நம்முடைய ஆடுபுலி ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பழைய கோயில் மண்டபங்களின் கல் தரையில்கூட இந்த மாதிரிக் கட்டங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் லயங்களிலோ, இதை ஆடத் தெரிந்த பாட்டிமார்களை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் இருக்கும்போதே ஒரு பலகை போட்டுவிடுங்கள். ஆட்டின் பக்கம் நின்று உயிர் பிழைப்பது எப்படி என்பதை மட்டும் நான் சொல்லித் தருகிறேன். புலியாக ஆட யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் கட்டம். தாளின் மேல்பக்கம் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், அது உச்சி. உச்சியிலிருந்து நான்கு கோடுகளை விசிறிபோல் கீழே இறக்கி, அவற்றின் நுனிகளை ஒரு படுக்கைக் கோட்டால் சேருங்கள். கூம்பு கிடைத்துவிட்டது. இனி உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் இடையில் மூன்று படுக்கைக் கோடுகள் போடுங்கள். அவை கூம்புக்கு இருபுறமும் வெளியே நீண்டிருக்க வேண்டும். இடப்பக்கத்து மூன்று நுனிகளை ஒரு நெடுக்குக் கோட்டாலும், வலப்பக்கத்து மூன்றை இன்னொன்றாலும் இணைத்துவிடுங்கள். இப்போது எண்ணிப் பாருங்கள். மூன்று கோடுகளிலும் ஆறு ஆறாக 18 புள்ளிகள், அடிக்கோட்டில் 4, உச்சி 1. ஆக 23.

காய்க்குக் கடைக்குப் போக வேண்டாம். கியா பார்ம் சந்தையில்தான் சோளத்துக்குப் பஞ்சமில்லையே! காய்ந்த சோளமணி பதினைந்து எடுத்தால் ஆடுகள் தயார். புலிக்கு மூன்று பத்துக் காசுகள் போதும். ஒரு புலி உச்சியில், மற்ற இரண்டும் அதற்கு அடுத்த கோட்டில் நடுவிலுள்ள இரண்டு புள்ளிகளில். ஆடுகள் எல்லாம் வெளியே. ஆட்டக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆட்டை உள்ளே வைப்பார், புலிக்காரர் ஒரு புலியை ஒரு புள்ளி நகர்த்துவார். பதினைந்தும் உள்ளே வரும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. பிறகு அவையும் கோட்டு வழியே ஒவ்வொரு புள்ளியாக நகரலாம். புலி பக்கத்திலிருக்கும் ஓர் ஆட்டை நேர்க்கோட்டில் தாண்டி, அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் அங்கே குதித்து அந்த ஆட்டைத் தின்றுவிடும். மூன்று புலிகளும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். நான் பிள்ளைகளுக்கு ஆறு என்று வைத்திருக்கிறேன். எதுவானாலும் தொடங்குமுன் பேசி முடித்துவிடுங்கள், பிறகு அடிதடி வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். புதியவர் செய்வது என்ன? புலியைக் கண்டதும் அதன் முகத்துக்கு நேரே ஓர் ஆட்டை வைத்து வழி மறிப்பார். பின்னால் காலி இடம். புலி ஒரே தாவில் தின்றுவிட்டுப் போய்விடும். உடனே கோபம் வரும். இன்னொன்றை வைப்பார், அதுவும் போகும். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். "இது புலிக்கே சாதகமான ஆட்டம், சார்" என்பார்கள் என் மாணவர்கள். அப்படியல்ல. புலி ஆட்டைத் தின்பதற்கு ஆடு மட்டும் இருந்தால் போதாது, ஆட்டுக்குப் பின்னால் காலி இடமும் வேண்டும். ஆகவே ஓர் ஆட்டை வைக்குமுன் புலி எங்கே என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஆட்டின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று, அங்கே கோடு முடிந்திருக்க வேண்டும். அல்லது இன்னோர் ஆடு நிற்க வேண்டும்.

கோடு முடிகிற இடங்கள் எவை? பக்கத்து நெடுக்குக் கோடுகளின் மேல் நுனி இரண்டு, கீழ் நுனி இரண்டு, அடிக்கோட்டின் இரு கோடிகள். இந்த ஆறு மூலைகளில் நிற்கும் ஆட்டைப் புலி எந்தத் திசையிலும் தாண்ட முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது! முதல் ஆறு ஆடுகளை அங்கே வையுங்கள். அடுத்து, இரு பக்கங்களிலும் நெடுக்குக் கோட்டின் நடுப்புள்ளி. மேலும் கீழும் நம் ஆடுகளே நிற்பதால் அதுவும் பத்திரம். அடிக்கோட்டின் நடுவிலுள்ள இரண்டும் அதே கணக்குத்தான். ஆயிற்றா, பத்து ஆடுகள்! பிறகு அடிக்கோட்டுக்கு மேலேயுள்ள கோட்டை ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏற்கனவே ஒருவர் நிற்பார். தாளில் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

புலிக்காரர் சும்மா இருப்பாரா? நீங்கள் வேலி கட்டும்போதே ஒரு புலியை இறக்கி, நீங்கள் வைக்கவிருந்த இடத்திலேயே உட்கார வைப்பார். அப்போது உங்கள் வரிசையில் ஓட்டை விழும். பதறாதீர்கள். வந்த புலியைத் துரத்தப் பார்க்கவும் வேண்டாம். அது திரும்பிப் போகும் வழியை அடையுங்கள். ஒரு மூலைக்குள் வந்துவிட்ட புலிக்குப் போக இரண்டே வழிகள்தான். இரண்டு வழியிலும் ஓர் ஆடு, அதற்குப் பின்னால் துணைக்கு ஓர் ஆடு. நான்கே ஆடுகளில் ஒரு புலி அடைந்துவிட்டது. அதே புலி கட்டத்தின் நடுவில் நின்றால் நான்கு வழிகள், எட்டு ஆடுகள் தேவை. மூன்று புலிகளுக்கும் பங்கிட்டால் தலைக்கு ஐந்து ஆடுகள்தானே நம்மிடம் உள்ளன? ஆகவே நடுவில் நிற்கும் புலியோடு மல்லுக்கு நிற்காமல், ஓரத்துக்கு வரும் புலியைப் பிடியுங்கள். புலிகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் இன்னும் நல்லது. புலியைப் புலி தாண்ட முடியாது, அது நமக்குக் கூலியில்லாத காவல்.

சில சமயம் ஓர் ஆட்டைத் தெரிந்தே கொடுக்க வேண்டியிருக்கும். தாண்டிய புலி எங்கே போய் விழும் என்பது உங்களுக்கு முன்னமே தெரியும் அல்லவா? அது விழுவது மூலையாக இருந்தால், அந்த ஓர் ஆடு வீணில்லை. ஆனால் இந்த வித்தையை முதல் வாரத்தில் முயல வேண்டாம். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி இதைக் கற்றுக்கொண்ட பிறகு ஆடுகளை வாரி வழங்க ஆரம்பித்துவிட்டாள். கேட்டால் "திட்டம் சார்" என்கிறாள்.

பதினைந்தும் உள்ளே வந்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. இப்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் ஆட்டை நகர்த்தியே தீர வேண்டும். 'இந்த முறை வேண்டாம்' என்று உட்கார முடியாது. ஓர் ஆடு நகர்ந்தால் அது நின்ற இடம் காலியாகும். அது யாருடைய முதுகைக் காத்து நின்றதோ அந்த ஆடு அடுத்த தாவில் போய்விடும். போகிற இடத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், விட்டுப்போகிற இடத்தைப் பார்ப்பவர் குறைவு. கையெடுத்து வைக்குமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: "இந்த ஆடு இங்கிருந்து போனால் யாருக்கு ஆபத்து?" யாருக்கும் இல்லை என்றால் நகர்த்தலாம். அப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் இங்கும் அங்குமாக நடக்கக்கூடிய ஓர் ஆட்டை எப்போதும் கைவசம் வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம். புலி பொறுமை இழக்கும்வரை அதை நடத்திக்கொண்டே இருக்கலாம்.

தோற்றதும் பலகையைக் கலைத்துவிட்டு ஓடும் பிள்ளைகள் உண்டு. பாடத்திலும் அவர்கள் அப்படித்தான். ஒரு கணக்கு வராவிட்டால் பக்கத்தையே கிழிப்பார்கள். அவர்களைத் திட்டுவதைவிட, கடைசி மூன்று நகர்வுகளைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் ஆடு எங்கே போனது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். திரையில் ஆடும் ஆட்டத்தில் செத்தவன் எங்கே தவறினான் என்று யாரும் பக்கத்தில் இருந்து கேட்பதில்லை. இங்கே கேட்க நீங்கள் இருக்கிறீர்கள். எனக்குக் கைப்பேசிமேல் பகையில்லை. பையன் அங்கே நான்கு பேரை வரிசையில் நிறுத்தப் பழகியவன் என்றால் இதில் உங்களைச் சீக்கிரம் தோற்கடிப்பான், எச்சரிக்கை!

தோட்டத்தில் நேபாளத்திலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் இருந்தால் 'பாக் சால்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். அவர்களுடையதில் 25 புள்ளிகள், நான்கு மூலைக்கும் நான்கு புலிகள், இருபது ஆடுகள், ஐந்து ஆடு போனால் புலிக்கு வெற்றி. இருவருமே பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று கணினியில் கணக்கிட்டே காட்டிவிட்டார்கள். மலாய்க்காரர்களிடமும் 'ரிமாவ்' உண்டு. அதில் ஒரு வகையில் ஒரே புலி, எதிரே ஆட்டுக்குப் பதில் மனிதர்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிசையாக நின்றால் புலி எல்லாரையும் ஒரே தாவில் முடித்துவிடும். ஆகவே நம் வேலி அங்கே செல்லாது, எண்ணி நிற்க வேண்டும். காட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் புலியைப் பலகையில் ஏற்றியிருக்கிறார்கள். நம் நாட்டுக் காடுகளிலோ 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் 150க்கும் குறைவான புலிகளே இருப்பதாகத் தெரிந்தது.

புலிப் பக்கம் ஆடுபவருக்கு ஒரே ஒரு வார்த்தை. கிடைத்த ஆட்டையெல்லாம் தின்ன ஓடாதீர்கள், ஓரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு புலியாவது நடுவில் நிற்கட்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி உட்காருங்கள், எப்போதும் அண்ணனே புலி என்று விட்டுவிடாதீர்கள். ஆட்டம் முடிந்து எடுத்து வைக்கும்போது அந்த மூன்று பத்துக் காசுகளையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு புலி மிட்டாய்க் கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.