ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் சுட்டுதல்

ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் சுட்டுதல் என்பது, கட்டுரையாளர் எடுத்தாண்ட பிறருடைய சொற்கள், தரவுகள், கருத்துகள் ஆகியவை எங்கிருந்து பெறப்பட்டன என்பதை, வாசகர் தாமே தேடிச் சரிபார்க்கக்கூடிய வகையில் குறிப்பிடுவதாகும். பள்ளிக் கட்டுரைகளில் இது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சில நூற்பெயர்களை அடுக்குவதோடு முடிந்துவிடுகிறது. எந்தக் கூற்று எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அத்தகைய பட்டியல் காட்டாது. எனவே அதனை மேற்கோள் சுட்டுதல் எனக் கொள்வது கடினம்.

தமிழ் மரபில்

தொல்காப்பியம் முந்தைய அறிஞர்களின் கருத்தை "என்ப" போன்ற சொற்களால் உணர்த்துகிறது; ஆனால் அவர்களின் பெயரைக் கூறுவதில்லை. உரையாசிரியர்களும் பிற நூல்களின் அடிகளை எடுத்துக்காட்டும்போது நூற்பெயரைப் பல இடங்களில் குறிப்பிடவில்லை. நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்த வாசகருக்கு அது போதுமானதாக இருந்தது. பின்வந்தோர் நிலை வேறு. 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் பெயரின்றி வந்த மேற்கோள்களின் மூலத்தைத் தேடிப் பெரிதும் உழைக்க நேர்ந்தது. அந்தத் தேடலே அவரைச் சங்க நூல்களின்பால் இட்டுச் சென்றது. தம் பதிப்புகளில் அவர் ஒப்புமைப் பகுதிகளை நூற்பெயருடன் அடிக்குறிப்பாகத் தந்தது, இவ்விடர்ப்பாட்டை உணர்ந்ததன் விளைவு எனலாம்.

எவற்றுக்குச் சான்று தேவை

பிறர் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் சான்றும் தேவை. கருத்தை மட்டும் எடுத்துச் சொந்த நடையில் எழுதினாலும் சான்று தேவை. மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். புள்ளிவிவரம், படம், வரைபடம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நீர் ஐதரசனாலும் ஆக்சிசனாலும் ஆனது போன்ற பொது அறிவுக்குச் சான்று வேண்டியதில்லை.

எழுதும் முறைகள்

ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிகாகோ ஆகியவை பரவலாக அறியப்பட்ட முறைகள். (இங்கு எம்.எல்.ஏ. என்பது அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தைக் குறிக்கும். சட்டமன்ற உறுப்பினரை அன்று.) சிகாகோ கையேடு முதலில் 1906 இல் வெளிவந்தது. ஏ.பி.ஏ. முறை 1929 இல் ஓர் ஆய்விதழில் வெளியான ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. இவை காற்புள்ளி, அடைப்புக்குறி போன்றவற்றில் வேறுபடினும், ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, வெளியீட்டாளர், பக்கம் ஆகியவற்றையே கேட்கின்றன. பள்ளி ஒரு முறையை வற்புறுத்தாவிடில், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றினால் போதும்.

இம்முறைகளைத் தமிழ் நூல்களுக்குப் பயன்படுத்துகையில் சில சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, பெயர். இவை குடும்பப் பெயரை முன்னிறுத்துபவை. தமிழரில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்துகள் பெரும்பாலும் தந்தை பெயரையும் சில வேளைகளில் ஊரையும் குறிக்கின்றன. உ. வே. சாமிநாதையர் பெயரில் "உ" என்பது உத்தமதானபுரம், "வே" என்பது தந்தை வேங்கடசுப்பையர். எனவே பட்டியலில் "சாமிநாதையர், உ. வே." என இயற்பெயரை முன்வைத்து அகரவரிசைப்படுத்துவதே பொருத்தமானது. தந்தை பெயரைத் தலைப்பாக்குவது ஆசிரியரையே மாற்றிவிடும்.

இரண்டாவது, ஆண்டு. அவருடைய தன்வரலாறான "என் சரித்திரம்" 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950 இல் நூலாயிற்று. அதன் பிறகு பல பதிப்புகள் வந்துள்ளன. மாணவர் தம் கையிலுள்ள பதிப்பின் ஆண்டையே தரவேண்டும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். முதற்பதிப்பின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம்.

மூன்றாவது, செய்யுள் நூல்கள். இவற்றுக்குப் பக்க எண்ணைவிடப் பாடல் எண்ணே பயனுடையது: "புறநானூறு, 192" என்றால் எப்பதிப்பிலும் தேடலாம். திருக்குறளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இன்று வழங்கும் குறள் எண்கள் பரிமேலழகர் வைப்புமுறையைச் சார்ந்தவை. மணக்குடவர் உரையில் வரிசை சில இடங்களில் வேறுபடும்.

இணையச் சான்றுகள்

இணையப் பக்கங்கள் மாறும், மறையும். ஆகவே முகவரியுடன் பார்த்த நாளையும் குறிப்பிடுவது நல்லது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற மின்னூலகங்களில் படித்திருந்தால் அதனையும் சொல்லவேண்டும். அச்சு நூலைப் பார்த்ததுபோல எழுதுவது நேர்மையன்று.

கலைக்களஞ்சியங்கள், விக்கிப்பீடியா உட்பட, தேடலைத் தொடங்க உதவுபவை. அவை காட்டும் மூலத்தைப் படித்து அதையே சுட்டவேண்டும். 2008 இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் கோவாட்டி என்னும் விலங்குக்கு "பிரேசிலிய ஆர்டுவார்க்" என்ற பெயரும் உண்டு என்று ஒருவர் வேடிக்கையாகச் சேர்த்தார். ஆர்டுவார்க் ஆப்பிரிக்க விலங்கு. நாளிதழ்கள் அப்பெயரை எடுத்தாண்டன; பின்னர் அவற்றுள் ஒன்றே விக்கிப்பீடியாவில் அப்பெயருக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. இப்படியாகக் கூற்று தனக்குத் தானே சான்றாகிவிட்டது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தரும் நூற்பட்டியலில் இல்லாத நூல்களும் இடம்பெறுவதுண்டு. 2023 இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி உருவாக்கிய பொய்யான தீர்ப்புகளை மனுவில் சுட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

வழி மேற்கோள்

மூல நூல் கிடைக்காமல், வேறொரு நூலில் எடுத்தாளப்பட்டதை மட்டுமே மாணவர் கண்டிருந்தால், மூல ஆசிரியர் பெயரைக் கூறி, "இன்னாரது நூலில் எடுத்தாளப்பட்டது" எனத் தாம் படித்த நூலையும் பக்கத்தையும் தரவேண்டும். இடைநூலில் பிழை இருப்பின், அப்பிழை எங்கு புகுந்தது என்பதைப் பின்னர் அறிய இக்குறிப்பே உதவும்.