வக்கா என்னும் இராக்கொக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் இராத்திரி ஷிப்டுக்கு ஜனங்கள் புறப்படும் வேளையிலே, தன் வேலைக்குப் புறப்படும் பறவை ஒன்றும் உண்டு. சர்க்கார் பெரியபாளையத்தை அடுத்த நஞ்சராயன் குளத்தில், பகலெல்லாம் கிளையில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசைவற்றிருக்கும் அது, அந்தி மயங்கியதும் ‘வக்’ என்று கூவித் தண்ணீரை நோக்கிப் பறக்கும். அதுவே வக்கா, இராக்கொக்கு என்றும் சொல்வர்.

நம்மவர் வைத்த பெயர் அதன் குரலை ஒத்திருக்கிறது. மேனாட்டார் வைத்த பெயரோ இன்னும் விநோதமானது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்பார் 1758-ல் இதை மற்றக் கொக்குகளோடு சேர்த்து, ‘நிக்டிகோராக்ஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்க பாஷையில் ‘இரவுக் காகம்’ என்பது பொருள். 1817-ல் தாமஸ் பார்ஸ்டர் இவ்வகைக்குத் தனிப் பேரினம் வகுத்து, அப்பெயரையே அதற்குச் சூட்டினார்.

இன்று அப்பேரினத்தில் உயிரோடிருக்கும் இனங்கள் இரண்டே. ஒன்று நமது வக்கா. ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. மற்றது ஆஸ்திரேலியாவிலும் அண்டைத் தீவுகளிலும் வாழும் செம்பழுப்புப் பறவை. மொரிஷியஸ், ரீயூனியன் முதலிய தீவுகளிலிருந்த இனங்கள், மனிதர் குடியேறிய பின்னர் அடியோடு மறைந்தன.

வக்காவை இனங்கண்டுகொள்வதும் எளிதன்று. வளர்ந்த பறவைக்கு உச்சியும் முதுகும் கறுப்பு, சிறகு சாம்பல், கண் சிவப்பு, பிடரியில் நீண்ட வெள்ளைத் தூவிகள். குஞ்சோ உடலெல்லாம் பழுப்பு, மேலே வெண்புள்ளிகள். தாயும் பிள்ளையும் வேறு வேறு ஜாதியென்று பண்டைய சாஸ்திரிகளே மயங்கினர். பறவைகளைக் கணக்கெடுக்கப் பகலில் குளக்கரைக்குப் போகிறவர் இலைமறைவில் உறங்குவதைத் தவறவிடவும் கூடும். குஞ்சை வேறொன்றாக எழுதிக்கொள்ளவும் கூடும். இருப்பது இன்னதென்று தெரிந்தாலன்றோ, இழப்பது இன்னதென்று தெரியும்?

சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. மகிழ வேண்டியதே. ஆயினும் பட்டியல் தண்ணீரைச் சுத்தமாக்கிவிடாது. சாயநீரால் நொய்யல் கெட்டதையும், 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதையும் திருப்பூர் மறந்திராது. மீனும் தவளையும் மடிந்த நீரில் வக்காவுக்கு வேலையில்லை.

ஒரு நாள் மாலை குழந்தைகளோடு அக்கரையில் சற்று நின்று பாருங்கள். இருட்டும்போது ‘வக்’ என்ற குரல் கேட்டால், குளம் இன்னும் உயிரோடிருக்கிறதென்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.