ரெசின் மாடலில் பெயிண்ட் ஏன் உரிகிறது?

மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது அடியிலிருந்த பெயிண்டும் பாளம்பாளமாகக் கூடவே வந்துவிட்டால், ரெசின் மாடல் செய்கிறவர்கள் முதலில் பெயிண்டைத்தான் குறை சொல்வார்கள். அடுத்த முறை வேறு கம்பெனி டப்பா வாங்குவார்கள். அதிலும் உரியும். உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் காரணம் விளங்கும். அடிப்புறம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். அந்தப் பெயிண்ட் ரெசினைத் தொட்டதே இல்லை. இரண்டுக்கும் நடுவே வேறொன்று புகுந்திருக்கிறது.

அது எப்படிப் புகுந்தது என்பதற்கு மாடல் பிறக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் பாலிஸ்டைரீன் கிட்டுகள் எஃகு அச்சில் தயாராகின்றன. அந்த அச்சைச் செய்யப் பெரும் செலவாகும். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆர்வலர்கள் மலிவான வழியொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். கையால் வடித்த சிற்பத்தைச் சுற்றிச் சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அதில் இரண்டு திரவங்களைக் கலந்த பாலியூரிதேன் ரெசினை வார்த்தார்கள். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். ‘கராஜ் கிட்’ என்று பெயர் பெற்ற இந்த மாடல்களுக்கென்றே 1985இல் தொடங்கிய வொண்டர் ஃபெஸ்டிவல் இன்றும் டோக்கியோவை அடுத்த சிபாவில் நடக்கிறது.

சிலிகோனில் எளிதில் எதுவும் ஒட்டாது. அதனால்தான் தலைமுடியின் கோடுகூடச் சிதையாமல் பாகம் வெளியே வருகிறது. அச்சு சீக்கிரம் கிழியாமலிருக்க அதன்மேல் சிலிகோன் எண்ணெயையும் தெளிப்பார்கள். தெளிக்காவிட்டாலும் ரப்பருக்குள் பிணையாமல் கிடக்கும் எண்ணெய் மெல்லக் கசியும். பாகத்தை அச்சிலிருந்து விடுவித்த அதே எண்ணெய் பாகத்தின்மேல் படிந்து வந்து, பெயிண்டையும் ஒட்டவிடாமல் செய்கிறது.

ஒரு திரவம் ஒரு பரப்பில் விரிந்து படர வேண்டுமானால், திரவத்தின் பரப்பு இழுவிசை அந்தப் பரப்பின் ஆற்றலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1950களில் வில்லியம் ஜிஸ்மன் வெவ்வேறு திரவத் துளிகளைத் திண்மங்களின்மேல் வைத்து, அவை உட்காரும் கோணத்தை அளந்து இதை எண்களாக்கினார். தண்ணீரின் இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். பெயிண்ட் கரைப்பானான சைலீனுக்கு 29 அளவில் வரும். சிலிகோன் எண்ணெய்க்கோ வெறும் 21தான். ஆகவே எண்ணெய் படிந்த இடத்தில் பெயிண்ட் விரியாமல் பின்வாங்கிக் குழி விழுகிறது. விழாத இடத்திலும் பிடிப்பு இருக்காது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றும் விசை சில நானோமீட்டர் தூரத்துக்குள்தான் வேலை செய்யும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமே அதைக் கெடுக்கப் போதும்.

பாலிஸ்டைரீனுக்கு இன்னொரு சலுகை உண்டு. லாக்கர் பெயிண்டின் கரைப்பான் அதன் மேற்பரப்பைச் சற்றே கரைத்து உள்ளே பிணைந்துகொள்ளும். இறுகிய பாலியூரிதேன் வலைபோலப் பின்னிய பொருள், அவ்வளவு எளிதில் கரையாது. எனவே நாமே பரப்பைச் சொரசொரப்பாக்கித் தர வேண்டும்.

ஆனால் முதல் வேலை கழுவுவது. தேய்த்துவிட்டுக் கழுவுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எண்ணெயைக் கீறல்களுக்குள் திணிக்கிற வேலை அது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கொதிநீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். கைபட்ட பிசுக்குக்கு அது நல்லதுதான். சிலிகோன் எண்ணெய் அதில் சரியாகக் கரையாது. துணியோடு இடம் மாறுவதே அதிகம்.

கழுவிய பாகத்தில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் நீர் முழுக்கப் பரவாது என்பது உண்மை. ஆனாலும் எண்ணெய் தடவிய தட்டில் போல ஒரு பகுதியில் மட்டும் நீர் சட்டென்று விலகி முத்துமுத்தாக நின்றால், அங்கே மறுபடியும் கழுவ வேண்டும். பிறகு 400 அல்லது 600 எண் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்க்கலாம். நனைத்துத் தேய்த்தால் தூசு நுரையீரலுக்குப் போகாது. மறுபடி அலசி, நன்றாக உலர்த்தி, ரெசினுக்கான பிரைமரை மெல்லிய பூச்சுகளாக அடித்து ஒருநாள் விட்டுவிட வேண்டும்.

முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்த ரெசின் பாகத்துக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே எதிரி இறுகாமல் மிஞ்சிய ரெசின். அதற்கு ஆல்கஹால் கழுவலும், தொடர்ந்து புற ஊதா விளக்கும்தான் சரியான மருந்து. இறுகாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

பிடிப்பைச் சோதிக்க மாடலின் முகத்திலோ கையிலோ பரீட்சை வேண்டாம். வார்ப்பில் மிஞ்சிய ரெசின் கட்டையையும் கூடவே கழுவிப் பிரைமர் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேடால் நெடுக்கே 6, குறுக்கே 6 கீறல் போட்டு, டேப் ஒட்டி இழுங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற தர விதியும் இப்படித்தான் சோதிக்கச் சொல்கிறது. கிடைக்கும் 25 கட்டங்களில் ஒன்றுகூட உரியாவிட்டால் மதிப்பெண் 0, அதுதான் சிறந்தது. கட்டங்கள் பெயர்ந்து வந்தால் மேலே எத்தனை பூச்சு பூசியும் பயனில்லை. பிரைமர் முழுவதையும் எடுத்துவிட்டு, மறுபடி கழுவுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.