பிஸ்டல் சிக்கினால் கை அவசரப்படக் கூடாது

தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கே கிடந்து திரும்பும் .32 பிஸ்டலில் எண்ணெய் பிசுபிசுத்துப் போயிருக்கும். கடலோர ஊரென்றால் துருவும் பிடித்திருக்கும். அதைத் துடைக்காமலேயே அலமாரியில் பூட்டிவைப்பவர்கள் உண்டு. அடுத்து சுடுதளத்தில் எடுக்கும்போது அது பாதியில் சிக்கும்.

சிக்குவதைவிட, சிக்கியதும் கை காட்டும் அவசரம்தான் ஆபத்து. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் விரலை எடுத்துவிட்டு, குழலை இலக்குப் பக்கமே நீட்டியபடி முப்பது விநாடி பொறுங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். பிறகு மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள். மேகசின் வெளியே வந்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்பித்தான் பலர் விபத்துக்குள்ளாகிறார்கள். சேம்பரில் ஒரு தோட்டா இருந்தாலே போதுமே!

இன்னொன்று இதைவிட மோசம். வழக்கமான சத்தம் வராமல் ‘புஸ்’ஸென்று ஏதோ கேட்டால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அந்த நிலையில் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடித்துக் கையைப் பதம் பார்க்கும். அன்றைக்கு அந்தத் துப்பாக்கியால் சுடுவதை அத்தோடு நிறுத்துங்கள்.

தோட்டா சேம்பருக்குள் ஏறாமல் மூக்கு முட்டி நிற்கிறதா? முதலில் மேகசினைச் சந்தேகப்படுங்கள். அதன் உதடுகள் வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். மாற்று மேகசின் போட்டுச் சுட்டால் தெரிந்துவிடும். சுட்ட பிறகு காலிக் கூடு வெளியே விழாமல் ஸ்லைடின் வாயில் செங்குத்தாகச் செருகி நின்றால், கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கியில் கரி படிந்திருக்கலாம், தோட்டா பழையதாக இருக்கலாம், பிடி தளர்வாகவும் இருந்திருக்கலாம். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் உங்கள் வேலை. அரம் எடுத்து ராவுவது உங்கள் வேலையல்ல.

தெருமுனை லேத் பட்டறைக்காரருடைய வேலையும் அல்ல. பிறர் துப்பாக்கியைப் பழுதுபார்க்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தனி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறிப் பழுதுபார்ப்பவருக்குக் குறைந்தது ஏழாண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். உரிமம் இல்லாதவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்த உங்கள்மீதும் வழக்கு வரும். லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் உங்கள் லைசென்ஸோடு போய், ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

புதுத் துப்பாக்கியே திரும்பத் திரும்பச் சிக்கினால் அது குறைபாடுள்ள பொருள். பிரித்துப் பார்க்காமல், பில்லோடும் உத்தரவாத அட்டையோடும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் சரியில்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணில் கூப்பிடலாம்.